பள்ளிக்கு ஒதுக்கிய இடம் யாருடையது?

வளரும் நகரங்களின் விளிம்பில், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் ஒரு விவகாரம் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. வரைபடத்தில் 'பள்ளி' என்று குறித்த இடத்தில் பள்ளி வரவில்லை. சீமைக்கருவேலம் மண்டி, குப்பை கொட்டும் இடமாகிவிட்டது. அதைக் குடியிருப்பு மனைகளாக மாற்றித் தரும்படி நில உரிமையாளர் விண்ணப்பிக்கிறார். மாற்றிக்கொள்ளட்டும் என்கிறது பாதித் தெரு. கூடவே கூடாது என்கிறது மீதித் தெரு. முடிவு எதுவானாலும் அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வருகிற வயதில் இல்லை.

புறநகர் ஒன்றில் அப்படிப்பட்ட நலச்சங்கக் கூட்டத்தில் அண்மையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், தட்டில் மிக்சர். முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். "எம் பிள்ளைங்க பெங்களூர்ல ஒண்ணு, அமெரிக்காவுல ஒண்ணு. எதிர் வீட்லயும் அதே கதைதான். இங்க யாரு சார் படிக்கப் போறா? அந்தப் புதர்லேர்ந்து போன மாசம் மூணு பாம்பு வந்துச்சு. வீடாவது கட்டட்டும்" என்றார். நிறைய பேர் தலையசைத்தார்கள்.

பள்ளி வந்தால் காலையும் மாலையும் தெருவில் வண்டி எடுக்க முடியாது என்றார் ஒருவர். சுற்றியுள்ள மனைகளின் விலை ஏறும், எல்லாருக்கும் நல்லதுதானே என்றார் இன்னொருவர். கடைசி வரிசையில் நின்றிருந்த ஓர் இளம்பெண், "ஆறே முக்காலுக்கு வேன் வந்துடுது. யூகேஜி பிள்ளைய தூக்கத்துலயே தூக்கி உக்கார வைக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். சங்கச் செயலாளர் குறுக்கிட்டு, "நீங்க வாடகைக்கு இருக்கீங்கதானேம்மா?" என்றார். அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வியில் பிரச்சினை முழுவதும் அடங்கிவிட்டது. மனை வாங்கி வீடு கட்டியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்டார்கள். மாடிப் போர்ஷன்களில் குடியிருப்பவர்கள் வேலைக்காக வந்த இளம் தம்பதிகள். சிறு குழந்தைகள் இருப்பது அவர்கள் வீடுகளில்தான். சங்கத்தில் ஓட்டு இல்லாதவர்களும் அவர்கள்தான்.

பூங்கா வேறு, பள்ளி மனை வேறு

மனைப்பிரிவு அங்கீகாரத்தில் பலருக்குப் புரியாத ஒரு நுணுக்கம் உண்டு. சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவற்றின் மேல் மனை போட்டவருக்குப் பிறகு பாத்தியதை இல்லை. பள்ளி, கடை, மருத்துவமனை என்று குறித்த இடங்கள் பெரும்பாலும் அப்படிக் கைமாறுவதில்லை. பட்டா மனை போட்டவர் பெயரிலேயே இருக்கும். அவர் விற்கலாம், வாங்குகிறவர் குறித்த பயனுக்குத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே உரிமையாளர் "என் நிலம், வரி கட்டுவது நான்" என்று சொல்வதில் பொய் இல்லை. அதில் விடுபடுவது ஒன்றுதான்: அந்த இடத்தைப் பள்ளிக்கு விட்டதால்தான் மற்ற மனைகளை விற்க அவருக்கு அனுமதி கிடைத்தது. 'பள்ளி, பூங்கா, கடைகளுடன் கூடிய அங்கீகரிக்கப்பட்ட மனைகள்' என்று நோட்டீஸ் அடித்து விற்றபோது, பள்ளிக்கான விலையும் ஒவ்வொரு மனையின் விலைக்குள் சேர்ந்துவிட்டது. அதே இடத்தை இப்போது மனையாக விற்பது, அண்டா கொடுத்ததாகக் கணக்கு எழுதி மொய் வாங்கிய பிறகு அண்டாவையும் வீட்டுக்குத் தூக்கிப் போவது போல.

நீதிமன்றங்களும் இதை இப்படித்தான் பார்த்திருக்கின்றன. டெல்லி மாநகராட்சிக்கு எதிரான சேத் ராம் வஷிஷ்ட் வழக்கில், இத்தகைய நிலத்தை இலவசமாக எழுதித் தரும்படி மாநகராட்சி கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பில், பூங்காவுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கிய பிறகு உரிமையாளர் அந்த நிலத்தைச் சமூகத்தின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார், அது ஏறத்தாழ அறக்கட்டளைப் பொறுப்பு போன்றது என்றும் சொன்னது. இரு தரப்புக்கும் கடிவாளம் போட்ட தீர்ப்பு.

1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். முதலமைச்சரே சொல்லியிருந்தாலும் சட்டத்தைத் தாண்ட முடியாது என்பது அதன் சாரம். வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள். டெல்லி சரிதா விகாரில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது: பூங்கா இடத்தில் மழலையர் பள்ளிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. எதற்கு ஒதுக்கினார்களோ அதற்குத்தான் இடம். மாற்றாக வருவது பள்ளியாகவே இருந்தாலும் சரி.

'மூன்று வருஷம் ஆயிடுச்சே'

இத்தகைய கூட்டங்களில் உரிமையாளர் தரப்பு தவறாமல் எடுத்து வைப்பது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 38-ஆவது பிரிவு. திட்டத்தில் பொதுப் பயனுக்கென்று குறித்த நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் அரசு கையகப்படுத்த முனையாவிட்டால், அந்த ஒதுக்கீடு தானாக விலகிவிடும் என்பது அந்தப் பிரிவின் பொருள். கேட்டதும் எதிர்ப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

வாயடைக்க வேண்டியதில்லை. முழுமைத் திட்டத்திலோ விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ, சொந்தக்காரரைக் கேட்காமல் அரசு அவர் நிலத்தின் மேல் கோடு போடுகிறது. வாங்கவும் இல்லை, விடவும் இல்லை என்று அவரை ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. மனைப்பிரிவில் கோடு போட்டவர் உரிமையாளரே. அதற்கான பலனையும் அப்போதே பெற்றுவிட்டார். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது வசதியான குழப்பம். வழக்கு என்று போகும் சங்கம் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, நம் இடம் எந்த வகை என்பதைத்தான்.

புதிய மனைப்பிரிவுகளுக்கு இன்னொரு வேலியும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில் அங்கீகரித்த வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். பத்து மனை வாங்கியவருக்கும் ஒரு ஓட்டுதான். மனை போட்டவருக்கு ஓட்டே இல்லை. பழைய மனைப்பிரிவுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் சண்டை அங்கே அதிகம்.

2 ஏக்கரில் என்ன நடக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி இடம் 2 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 87,120 சதுர அடி; கிரவுண்டுக் கணக்கில் 36-க்குச் சற்று மேல். சாலைக்கும் பூங்காவுக்கும் 40 விழுக்காடு போனாலும் 1,200 சதுர அடியில் 43 மனைகள் கிடைக்கும். அடுக்குமாடி என்றால், சாதாரண உயரக் கட்டடத்துக்கு நிலப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு அனுமதி உண்டு. ஆயிரம் சதுர அடி வீடுகளாகப் பார்த்தால் 150 வரை கட்டிவிடலாம்.

அந்த 150 வீடுகளுக்கு வரப்போவது யார்? வங்கிக் கடன் வாங்கி முதல் வீடு வாங்கும் முப்பது வயதுக்காரர்கள். கையில் ஒரு குழந்தை, சிலருக்கு வயிற்றில் ஒன்று. பள்ளி தேவையில்லை என்று சொல்லி இடத்தை எடுத்துவிட்டு, பள்ளி தேவைப்படும் 150 குடும்பங்களை அதே இடத்தில் குடிவைக்கிறோம். கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை.

குழந்தைகள் குறைகிறார்கள் என்பது மாநில அளவில் உண்மை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. கிராமங்களில் விரல்விட்டு எண்ணும் அளவு மாணவர்களோடு பள்ளிகள் நடக்கின்றன. ஆனால் மாநிலச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. கிராமத்துப் பள்ளியில் குறைந்த பிள்ளை பெற்றோரோடு நகர விளிம்பில் வாடகை வீட்டில் இருக்கிறது.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு விதிகளின்படி, தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நடந்து போகும் தூரம் என்பது அதன் அடிப்படை. இடையில் ஆறுவழிச் சாலையோ ரயில் தண்டவாளமோ இருந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த 1 கிலோமீட்டர் நடக்கும் தூரம் ஆகாது. புறநகரில் அளவுகோலைச் சாலையில் வைத்து அளக்க வேண்டும். வரைபடத்தில் வைத்தால் எல்லாம் பக்கமாகத்தான் தெரியும்.

ஏன் பள்ளி வரவில்லை?

இருபது ஆண்டாக யாரும் வரவில்லை என்பது மாற்றச் சொல்பவர்களின் வலுவான வாதம். ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்பதில்லை.

தனியார் பள்ளிகளுக்கான குறைந்தபட்ச நில அளவை, சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி அரசு வகுத்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். நிலம் விலை குறைந்த இடத்தில் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். புறநகர் மனைப்பிரிவுகள் பெரும்பாலும் கிராம ஊராட்சிகளில்தான் உருவாயின. அங்கே பள்ளிக்கென்று ஒன்றரையோ இரண்டோ ஏக்கர் விட்டிருந்தால், அந்த இடத்தில் தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் வாங்குவதே கடினம். ஒரு துறை 'பள்ளி' என்று முத்திரை குத்திய இடம் இன்னொரு துறையின் கணக்கில் பள்ளிக்குப் போதாது. இரண்டு துறைகளும் ஒரே கோட்டையில்தான் இருக்கின்றன.

இப்போது நிலைமை தலைகீழாக மாறுகிறது. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது, தாம்பரம் 2021-இல். சுற்றுப்புற ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் வேலை பல மாவட்டங்களில் நடக்கிறது. ஊராட்சியாக இருந்தபோது 3 ஏக்கருக்குப் போதாமல் கிடந்த 2 ஏக்கர், மாநகராட்சிக்குள் வந்ததும் 6 கிரவுண்டு வரம்பைப் போல் ஆறு மடங்கு ஆகிவிடுகிறது. பள்ளி வருவதற்கான வாய்ப்பு கனியும் அதே நேரத்தில்தான் நிலத்தின் விலையும் ஏறுகிறது. மாற்ற விண்ணப்பமும் அப்போதுதான் வருகிறது. உரிமையாளருக்கு முன்பே தோன்றாத யோசனை இப்போது தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

அரசுப் பள்ளி வராததற்குக் காரணம் இன்னும் எளிது. பள்ளிக் கல்வித் துறைக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. மனைப்பிரிவு வரைபடம் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலக பீரோவிலும் கிடக்கும். முதன்மைக் கல்வி அலுவலருக்கு அதன் நகலை அனுப்பும் வழக்கம் இல்லை. நிலம் இல்லாததால் புதுப் பள்ளி தொடங்க முடியவில்லை என்று ஒரு கோப்பு சொல்லும். நிலம் சும்மா கிடக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று பக்கத்து அலுவலகத்துக் கோப்பு சொல்லும்.

இடம் இல்லாவிட்டால் பள்ளி எங்கே போகும்?

பள்ளி எப்படியாவது வந்துவிடும், அதுதான் ஆபத்து. தேவை இருக்கும் இடத்தில் வீட்டு மாடியில், கல்யாண மண்டபத்துப் பின்புறத்தில், கடைகளுக்கு மேல் வகுப்புகள் முளைக்கும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கூரை வேய்ந்த மேல்தளம், குறுகிய மாடிப்படி. கூரைகள் அதன் பிறகு போய்விட்டன. நெருக்கம் போகவில்லை.

இன்னொரு பக்கம், தூரத்துப் பள்ளிக்கு ஓடும் வேன்களும் ஆட்டோக்களும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டில் அம்மாவோ பாட்டியோ கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறார். அந்த வேளைக்கு அவர் வேலைக்குப் போக முடியாது. நெரிசல் வரும் என்று பள்ளியை வேண்டாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடந்து போகும் பள்ளி நெரிசலைக் குறைக்கும். தெருவை அடைத்துக்கொண்டு நிற்பவை வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றி வரும் வண்டிகள்.

புதர், பாம்பு, இரவில் குடிப்பவர்கள் என்ற புகார்களைத் தள்ளிவிட முடியாது. அந்த இடத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவரின் அவஸ்தை உண்மையானது. அதற்கு மருந்து ஒரு நாள் ஜேசிபி வேலையும், சுற்றுவேலியும், இரண்டு விளக்கும். நிலத்தை விற்றுத்தான் புதரை வெட்ட வேண்டும் என்றில்லை.

உரிமையாளருக்கும் நியாயம் செய்ய வேண்டும். மனை போட்டவர் இறந்து, விவரம் தெரியாத வாரிசுகள் வரி கட்டிக்கொண்டு திண்டாடும் இடங்கள் உண்டு. அவர்களிடம் 'பள்ளிதான், வேறெதுவும் கூடாது' என்று சொல்லிவிட்டு, வாங்கவும் ஆள் இல்லாமல் விடுவது முறையல்ல.

செய்யக் கூடியவை

முதல் வேலை பட்டியல் எடுப்பது. ஒவ்வொரு உள்ளாட்சி எல்லையிலும் பள்ளிக்கென்று ஒதுக்கிய இடங்களைச் சர்வே எண், பரப்பு, இன்றைய நிலை சகிதம் இணையதளத்தில் போட வேண்டும். அந்தச் சர்வே எண்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அங்கே குறிப்பு இருந்தால், பள்ளி இடத்தைச் சத்தமில்லாமல் மனைகளாக வெட்டிப் பத்திரம் போடுவது நின்றுவிடும். விவரம் தெரியாமல் வாங்கி ஏமாறும் நடுத்தரக் குடும்பங்களும் தப்பிக்கும்.

இரண்டாவது, பயன்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பம் எதையும் பள்ளிக் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வக் கருத்து இல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கன்வாடிகளிடம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பதிவு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் இருக்கிறது. 1 கிலோமீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் எவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம். வாடகை வீடு, சொந்த வீடு என்ற பேதம் அந்தக் கணக்கில் இல்லை.

தேவை இருக்கிறது என்று தெரிந்தால், உள்ளாட்சியோ கல்வித் துறையோ வழிகாட்டு மதிப்பை அடிப்படையாக வைத்து அந்த இடத்தை வாங்கிக்கொள்ளக் காலக்கெடு நிர்ணயிக்க வேண்டும். இரண்டு ஆண்டு போதும். 3 ஏக்கர் விதிக்கு எட்டாத இடங்களில் தொடக்கப் பள்ளிக்கு மட்டுமாவது விலக்கு கொடுத்தால் நல்ல தனியார் பள்ளிகளும் வரும்.

இன்றைக்குத் தேவை இல்லை என்றே தெரிந்தாலும் வீடு கட்ட விடக் கூடாது. அங்கன்வாடி, நூலகம், விளையாட்டுத் திடல், மாலை நேரப் படிப்பகம் என்று பிள்ளைகளுக்கான பயனுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டுக் குத்தகையில் விடலாம். உரிமையாளருக்கு வாடகை வரும், புதர் போகும், இடமும் கைவசம் இருக்கும். 150 வீடுகளை இடித்துப் பள்ளி கட்ட எந்த அரசாலும் முடியாது. திடலில் எப்போது வேண்டுமானாலும் பள்ளி கட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் மீறி மாற்றத்துக்கு அனுமதி கொடுப்பதென்றால், நிலத்தின் மதிப்பு ஏறுவதில் ஒரு பங்கை அதே வட்டாரத்து அரசுப் பள்ளியின் வகுப்பறைகளுக்கென்று முன்கூட்டியே கட்டச் சொல்ல வேண்டும். பொதுக் கணக்கில் கட்டினால் அந்தப் பணம் எங்கே போனது என்று தெரியாது.

அறிவிப்பு முறையும் மாற வேண்டும். யாரும் படிக்காத பொடி எழுத்து நாளிதழ் விளம்பரம் போதாது. அந்த இடத்திலேயே, சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி, சர்வே எண்ணும் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாளும் போட்டுத் தமிழில் பலகை வைக்க வேண்டும். விவாதம் நலச்சங்கத்தோடு முடியாமல் நகரத்தில் ஏரியா சபைக்கும் ஊராட்சியில் கிராம சபைக்கும் வர வேண்டும். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பத்திரம் யார் பெயரில் என்று யாரும் கேட்க முடியாது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போகும்போது அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்துக்கோ நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு இன்றே விண்ணப்பம் போடுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.